ஆங்கில வாக்கியத்தில் அட்வெர்பை எங்கே வைப்பது: முழுமையான வழிகாட்டி

"நேற்று அவள் கடிதத்தைக் கவனமாகப் படித்தாள்." இந்த வாக்கியத்தின் சொற்களை எப்படி இடம் மாற்றிப் போட்டாலும் தமிழ் கேட்பவருக்குக் குழப்பமே வராது. 'கடிதத்தை' என்பதிலுள்ள ஐ உருபும் 'படித்தாள்' என்பதிலுள்ள விகுதியும் யார் எதைச் செய்தார் என்பதைக் காட்டிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல் நிற்கும் இடமே செய்கிறது. அதனால் வெர்பை, அதாவது வினைச்சொல்லை, சுற்றியுள்ள இடங்கள் அங்கே கெட்டியாக இருக்கின்றன. அட்வெர்ப், அதாவது வினையடை, அவற்றில் சில இடங்களில் மட்டும்தான் நிற்கும்.

நம்மில் பலருக்கு ஆல்வேஸ், ஆல்ரெடி, ஸ்டில், ஒன்லி எல்லாவற்றுக்கும் பொருள் தெரியும். தடுமாற்றம் பொருளில் இல்லை, அவற்றை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது. கீழே உள்ள படிகளை வரிசையாகப் பழகினால், அன்றாடப் பேச்சிலும் அலுவலக மெயிலிலும் வரும் பெரும்பாலான தவறுகள் நீங்கிவிடும்.

படி 1: முதலில் வெர்பைப் பாருங்கள்

அட்வெர்பை வைக்கும் முன், வாக்கியத்தில் எத்தனை வெர்ப் இருக்கிறது என்று பாருங்கள். 'ஆல்வேஸ்' என்ற ஒரே சொல்லை வைத்து முதல் மூன்று வடிவங்களையும் பார்த்துவிடலாம்.

மெயின் வெர்ப் ஒன்று மட்டும் இருந்தால், அட்வெர்ப் அதற்கு முன்னால் வரும். "ஷீ ஆல்வேஸ் டிரிங்க்ஸ் டீ."

வில், ஹாஸ் போன்ற ஹெல்பிங் வெர்ப் (துணைவினை) ஒன்று கூட இருந்தால், அதற்கும் மெயின் வெர்புக்கும் நடுவில். "ஷீ வில் ஆல்வேஸ் ஹெல்ப் யூ." "ஷீ ஹாஸ் ஆல்வேஸ் லிவ்ட் இன் சேலம்."

இஸ், ஆம், ஆர், வாஸ், வேர் ஆகியவை மெயின் வெர்பாகத் தனியே நின்றால், அவற்றுக்குப் பின்னால். "ஷீ இஸ் ஆல்வேஸ் லேட்." இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். முதல் விதியை இதற்கும் பொருத்தி "ஷீ ஆல்வேஸ் இஸ் லேட்" என்கிறார்கள். சாதாரணமாகச் சொல்லும்போது அது பொருந்தாது.

ஹெல்பிங் வெர்ப் இரண்டு மூன்று வந்தால், முதலாவதற்குப் பின்னால். "ஷீ வில் ப்ராபப்லி ஹாவ் லெஃப்ட் பை நவ்" என்றால், இந்நேரம் கிளம்பியிருப்பாள் என்று பொருள். ஆனால் ஒரு செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் அட்வெர்ப், மெயின் வெர்பை ஒட்டியே நிற்கும். "தி ரோட் ஹாஸ் பீன் பேட்லி டேமேஜ்ட்." இதை "ஹாஸ் பேட்லி பீன் டேமேஜ்ட்" என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வியில் ஹெல்பிங் வெர்ப் முன்னால் போய்விடும், அட்வெர்ப் சப்ஜெக்டுக்கு (எழுவாய்க்கு) பின்னால் நிற்கும். "டு யூ யூஷுவலி வாக் டு வொர்க்?" "ஹாவ் யூ எவர் பீன் டு ஊட்டி?" கட்டளை வாக்கியத்தில் ஆல்வேஸும் நெவரும் வாக்கியத்தின் தலையிலேயே வரும். "ஆல்வேஸ் வேர் எ ஹெல்மெட்." "நெவர் டச் இட் வித் வெட் ஹாண்ட்ஸ்."

குறும்பதிலுக்கு மட்டும் விதி திரும்பிவிடும். "ஆர் யூ ஃப்ரீ ஆன் சண்டேஸ்?" என்று கேட்டால் பதில் "எஸ், ஐ யூஷுவலி ஆம்." வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் 'ஆம்' என்ற வெர்ப் அழுத்தம் பெறுவதால், அட்வெர்ப் அதற்கு முன்னால் வந்துவிடுகிறது.

படி 2: வெர்பையும் ஆப்ஜெக்டையும் பிரிக்காதீர்கள்

இந்த வழிகாட்டியிலிருந்து ஒரே ஒரு விதியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் வெர்பும் அதன் ஆப்ஜெக்டும் (செயப்படுபொருளும்) ஒட்டியே நிற்கும், நடுவில் அட்வெர்ப் நுழையாது. "ஐ லைக் வெரி மச் காபி" தவறு. "ஐ லைக் காபி வெரி மச்" சரி. "ஹீ ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலிஷ்" தவறு. "ஹீ ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் ஃப்ளூயன்ட்லி" சரி.

தமிழிலிருந்து நேராக வரும் தவறு வேறு மாதிரி இருக்கும். 'எனக்குக் காபி ரொம்பப் பிடிக்கும்' என்பதில் 'ரொம்ப' வினைக்கு முன்னால் இருப்பதால், "ஐ வெரி லைக் காபி" என்று வாயில் வந்துவிடுகிறது. வெரி தனியாக வெர்பின் மேல் ஏறாது. குட், ஃபாஸ்ட் போன்ற சொற்களுக்கு முன்னால் மட்டுமே அது வரும். வெர்புக்கு முன்னால் ஒரு சொல் வேண்டும் என்றால் ரியலி இருக்கிறது. "ஐ ரியலி லைக் காபி." பேச்சில் இதுதான் மிகவும் இயல்பு.

ஒரு விலக்கு உண்டு. ஆப்ஜெக்ட் மிக நீளமாக இருந்தால், அட்வெர்பைக் கடைசியில் வைக்கும்போது அது எந்த வெர்பைச் சேர்ந்தது என்று தெரியாமல் போகலாம். அப்போது அதை வெர்புக்கு முன்னால் கொண்டுவாருங்கள். "ஷீ கேர்ஃபுல்லி ரெட் ஆல் தி லெட்டர்ஸ் தட் கேம் ஃப்ரம் தி பேங்க் லாஸ்ட் மன்த்." இப்படி நீளும் இடங்களில் எழுத்தில் சிலர் அட்வெர்பை நடுவிலும் வைப்பார்கள். கற்றுக்கொள்பவருக்கு வெர்புக்கு முன்னால் வைப்பதே பாதுகாப்பு.

டர்ன் ஆஃப், பிக் அப், புட் ஆன் போன்ற ஜோடிகளில் வரும் ஆஃப், அப், ஆன் மட்டும் தனி ரகம். "டர்ன் ஆஃப் தி லைட்", "டர்ன் தி லைட் ஆஃப்" இரண்டும் சரி. ஆப்ஜெக்ட் இட், தெம், ஹிம் மாதிரி பிரதிப்பெயராக இருந்தால் அது நடுவில்தான் வர வேண்டும். "டர்ன் இட் ஆஃப்." "டர்ன் ஆஃப் இட்" என்று யாரும் சொல்வதில்லை.

படி 3: எத்தனை முறை, எவ்வளவு உறுதி

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர் எல்லாமே படி 1-இல் சொன்ன நடு இடத்தில் நிற்கும். இவற்றில் சம்டைம்ஸ், யூஷுவலி இரண்டும் வாக்கியத்தின் தொடக்கத்துக்கும் போகலாம். "சம்டைம்ஸ் வீ ஈட் அவுட்." சம்டைம்ஸ் கடைசியிலும் வரும். ஆஃபன் கடைசியில் வரும்போது பெரும்பாலும் 'வெரி ஆஃபன்' என்று வரும். கட்டளை வாக்கியம் தவிர மற்ற இடங்களில் ஆல்வேஸை இப்படித் தொடக்கத்துக்கு இழுக்காதீர்கள். அங்கே நெவர் தொடக்கத்தில் வந்தால் "நெவர் ஹாவ் ஐ சீன்" என்று வாக்கியமே கேள்வி போலத் திரும்பிவிடும். அது மேடைப் பேச்சின் நடை, அன்றாடப் பேச்சுக்குத் தேவையில்லை.

'ஒவ்வொரு நாளும்', 'வாரம் இரண்டு முறை' போல எண்ணிச் சொல்லும் தொடர்களுக்குக் கடைசி இடம்தான். "ஐ வாட்டர் தி ப்ளான்ட்ஸ் ட்வைஸ் எ வீக்." இதை "ஐ ட்வைஸ் எ வீக் வாட்டர்" என்று நடுவில் திணிக்கக் கூடாது.

'அநேகமாக' என்று சொல்ல ப்ராபப்லி உண்டு, 'ஒருவேளை' என்று சொல்ல மேபி, பெர்ஹாப்ஸ் உண்டு, ஆனால் இவற்றின் இடம் ஒன்றல்ல. மேபியும் பெர்ஹாப்ஸும் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும்: "மேபி ஹீ இஸ் ஸ்லீப்பிங்." ப்ராபப்லி நடுவில் வரும்: "ஹீ இஸ் ப்ராபப்லி ஸ்லீப்பிங்." "ஹீ மேபி ஸ்லீப்பிங்" என்று எழுதுபவர்கள் நிறைய. அங்கே வேண்டியது "ஹீ மே பி ஸ்லீப்பிங்", மே தனி, பி தனி.

படி 4: நாட் வந்தால்

எதிர்மறை வாக்கியத்தில் சில அட்வெர்புகள் நாட்டுக்கு முன்னால் நிற்கும், சில பின்னால். இடம் மாறினால் பொருளே மாறுவதால் இந்தப் படிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ப்ராபப்லி, டெஃபினிட்லி, சம்டைம்ஸ், ஸ்டில் நான்கும் நாட்டுக்கு முன்னால். "ஹீ ப்ராபப்லி வோன்ட் கம்." "ஐ சம்டைம்ஸ் டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் ஹிம்." "ஐ ஸ்டில் ஹாவன்ட் ரிசீவ்ட் தி லெட்டர்."

ஆல்வேஸ் நாட்டுக்குப் பின்னால். "ஹீ டஸன்ட் ஆல்வேஸ் ஆன்சர் தி போன்" என்றால், எல்லா நேரமும் எடுப்பான் என்று சொல்ல முடியாது என்று பொருள். 'அவன் எப்போதுமே போனை எடுப்பதில்லை' என்பதற்கு இதைச் சொல்லிவிடாதீர்கள். அதற்கு "ஹீ நெவர் ஆன்சர்ஸ் தி போன்."

ரியலி இரண்டு பக்கமும் நிற்கும். "ஐ ரியலி டோன்ட் நோ" என்றால் 'சத்தியமா எனக்குத் தெரியாது.' "ஐ டோன்ட் ரியலி நோ" என்றால் 'அவ்வளவு சரியாத் தெரியாது.' முதலாவது அடித்துச் சொல்வது, இரண்டாவது பட்டும் படாமலும் சொல்வது. வேலை நேர்காணலில் முதலாவதைச் சொல்லிவிட்டால் பதில் முரட்டுத்தனமாகக் கேட்கும்.

நெவர், ஹார்ட்லி, ரேர்லி மூன்றுக்குள்ளும் ஏற்கெனவே 'இல்லை' இருக்கிறது. அவற்றோடு இன்னொரு நாட் போடாதீர்கள். "ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர் யூ" தவறு, "ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ" சரி.

படி 5: ஸ்டில், ஆல்ரெடி, யெட், எனிமோர்

இந்த நான்கையும் ஒன்றாகவே படிக்க வேண்டும். 'இன்னும்' என்ற ஒரே தமிழ்ச்சொல் ஸ்டில், யெட் இரண்டுக்கும் போய் நிற்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

ஒன்று தொடர்ந்துகொண்டே இருக்கிறது என்றால் ஸ்டில், நடு இடத்தில். "இட் இஸ் ஸ்டில் ரெய்னிங்." எதிர்பார்த்தது இன்னும் நடக்கவில்லை என்றால் யெட், கடைசி இடத்தில். "தி பஸ் ஹாஸன்ட் கம் யெட்." நடக்கவில்லை என்ற எரிச்சலும் சேர்ந்தால் மறுபடி ஸ்டில். "தி பஸ் ஸ்டில் ஹாஸன்ட் கம்!" அரை மணி நேரமாகக் காத்திருப்பவர் இரண்டாவதைச் சொல்வார்.

எதிர்பார்த்ததற்கு முன்பே முடிந்துவிட்டால் ஆல்ரெடி. "ஐ ஹாவ் ஆல்ரெடி ஈட்டன்." முன்பு இருந்தது இப்போது இல்லை என்றால் எனிமோர், நாட்டோடு சேர்ந்து கடைசியில். "ஷீ டஸன்ட் வொர்க் ஹியர் எனிமோர்."

படி 6: காலம் காட்டும் சொல்லும் வெர்பின் டென்ஸும்

சில அட்வெர்புகள் வெர்பின் டென்ஸையே முடிவு செய்துவிடும். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், அகோ வந்தால் பாஸ்ட் டென்ஸ்தான், பெரும்பாலும் சிம்பிள் பாஸ்ட். "ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே" தவறு, "ஐ சா ஹிம் எஸ்டர்டே" சரி. முடிந்துபோன நேரத்தைப் பெயர் சொல்லிக் குறித்தவுடன் ஹாவ் போய்விட வேண்டும்.

ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் மூன்றும் ஹாவோடு சேரும். அமெரிக்கர்கள் பேச்சில் "ஐ ஜஸ்ட் ஏட்" என்றும் சொல்வார்கள், அதைத் தவறு என்று நினைத்துத் திருத்த வேண்டாம்.

சின்ஸ் வரும் இடத்தில்தான் தமிழ் நம்மை இழுக்கிறது. '2019-லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதையே வைத்து "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019" என்று எழுதுகிறோம். தொடங்கியது அன்று, தொடர்வது இன்று என்பதால் ஆங்கிலம் "ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019" என்று கேட்கிறது.

ஆல்வேஸோடு ஐ.என்.ஜி. வடிவம் சேர்ந்தால் குறை சொல்லும் தொனி வந்துவிடும். "ஹீ ஆல்வேஸ் ஆஸ்க்ஸ் கொஸ்டின்ஸ்" வெறும் தகவல். "ஹீ இஸ் ஆல்வேஸ் ஆஸ்கிங் கொஸ்டின்ஸ்" என்றால் 'எப்பப் பாரு கேள்வி கேட்டுட்டே இருக்கான்.' மேலதிகாரியைப் பற்றி எழுதும்போது இந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும்.

படி 7: வாக்கியத்தின் கடைசியில் எது முதலில்

எப்படி, எங்கே, எப்போது என்ற மூன்றும் கடைசியில் வந்தால், பெரும்பாலும் அதே வரிசைதான். "ஷீ வொர்க்ட் குவயட்லி இன் தி லைப்ரரி ஆல் டே." போ, வா என்று நகர்வைச் சொல்லும் வெர்ப் வந்தால் மட்டும் இடம் முன்னால் வரும். "ஷீ வென்ட் டு ஸ்கூல் பை பஸ் எஸ்டர்டே."

எப்போது என்பதை வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் தூக்கிவிடலாம். கடைசியில் கூட்டம் அதிகமானால் அதுவே நல்லது. "எஸ்டர்டே ஷீ வென்ட் டு ஸ்கூல் பை பஸ்."

நேரத்தையும் இடத்தையும் அடுக்கும்போது தமிழுக்கு நேர் எதிராகப் போக வேண்டும். நாம் பெரியதிலிருந்து சிறியதுக்கு வருகிறோம்: திங்கட்கிழமை, காலை, பத்து மணி. ஆங்கிலம் சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும்: "அட் டென் ஆன் மண்டே மார்னிங்." சென்னையில் அண்ணா நகரில் ஒரு சின்னக் கடையில் என்பது "இன் எ ஸ்மால் ஷாப் இன் அண்ணா நகர், சென்னை" என்று திரும்பும். உறையின் மேல் விலாசம் எழுதும் வரிசையை நினைத்துக்கொண்டால் போதும்.

படி 8: தான், மட்டும், ஏ

தமிழில் 'தான்' எந்தச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும், அந்தச் சொல்லுக்குப் பின்னால். அதே பழக்கத்தில் "ஹீ கேம் எஸ்டர்டே ஒன்லி", "ஐ ஆம் இன் தி ஆபீஸ் ஒன்லி" என்கிறோம். நமக்குள் பேசும்போது இது பிரச்சினையே இல்லை, எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டவரிடம் பேசும்போதும் எழுத்திலும் ஒன்லியைக் குறிப்பிடும் சொல்லுக்கு முன்னால் வையுங்கள். "ஹீ கேம் ஒன்லி எஸ்டர்டே." ஆபீஸ் வாக்கியத்தில் ஒன்லியே வேண்டாம். 'ஆபீஸ்லதான் இருக்கேன்' என்பதிலுள்ள 'தான்' குரலின் அழுத்தமாக மாறிவிடும். "ஐ ஆம் இன் தி ஆபீஸ்" என்பதில் ஆபீஸை அழுத்திச் சொன்னால் போதும்.

'இன்றே' என்பதற்கு "டுடே இட்செல்ஃப்" என்று எழுதுவதும் இதே வகை. "டுடே" என்றாலே போதும். அவசரம் என்றால் "பை தி எண்ட் ஆஃப் டுடே" என்று நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

ஒன்லி இடம் மாறினால் பொருள் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். "ஒன்லி ரவி ஏட் டூ இட்லிஸ்" என்றால் ரவியைத் தவிர வேறு யாரும் இரண்டு சாப்பிடவில்லை. "ரவி ஏட் ஒன்லி டூ இட்லிஸ்" என்றால் இரண்டோடு நிறுத்திவிட்டான். பேச்சில் "ரவி ஒன்லி ஏட் டூ இட்லிஸ்" என்று வெர்புக்கு முன்னால் வைத்து 'டூ' என்பதை அழுத்துவது மிகவும் சாதாரணம். எழுத்தில் அழுத்தம் கேட்காது, அதனால் அங்கே இடத்தைச் சரியாக வையுங்கள்.

படி 9: எந்த வெர்புக்கு எந்த அட்வெர்ப்

இடம் சரியாகிவிட்டால் அடுத்தது ஜோடி. 'கனமழை' என்போம், 'பலமழை' என்று சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் சில வெர்புகளுக்குப் பழகிப்போன துணை உண்டு. மழைக்கு ஹெவிலி: "இட் ரெய்ன்ட் ஹெவிலி." ஆழ்ந்த தூக்கத்துக்கு சவுண்ட்லி: "தி பேபி ஸ்லெப்ட் சவுண்ட்லி." ஒன்று அவசரமாகத் தேவை என்றால் பேட்லி: "வீ பேட்லி நீட் வாட்டர்." இங்கே பேட்லிக்கு 'மோசமாக' என்ற பொருள் கிடையாது. ஒரேயடியாக மறுத்தால் ஃப்ளாட்லி ரெஃப்யூஸ்ட். சுத்தமாக மறந்துவிட்டால் கம்ப்ளீட்லி ஃபர்காட். ரசித்து அனுபவித்தால் தரோலி என்ஜாய்ட்.

மெயிலில் அடிக்கடி தேவைப்படும் ஜோடிகளை மனப்பாடமே செய்துவிடலாம்: சின்சியர்லி அபாலஜைஸ், ஃபுல்லி அண்டர்ஸ்டாண்ட், ஸ்ட்ராங்லி ரெகமெண்ட், டீப்லி ரெக்ரெட், ரியலி அப்ரீஷியேட். ரெகமெண்டோடு ஹைலி சேரும், ஆனால் எதிர்ப்பைச் சொல்லும் அப்போஸோடு சேராது. அதற்கு ஸ்ட்ராங்லிதான். இதற்கெல்லாம் காரணம் தேடுவதில் பலனில்லை, ஜோடியாகவே மனதில் பதிய வைக்க வேண்டும். புது வெர்ப் ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது அதோடு வரும் ஒரு அட்வெர்பையும் சேர்த்து எழுதுங்கள்.

லுக், ஃபீல், சவுண்ட், டேஸ்ட், ஸ்மெல் ஐந்தும் 'இப்படி இருக்கிறது' என்ற பொருளில் வந்தால் அட்வெர்பே வராது. "தி சாம்பார் ஸ்மெல்ஸ் குட்", வெல் அல்ல. "யூ லுக் டயர்ட்." அதே லுக் 'உற்றுப் பார்' என்ற செயலாக வந்தால் அட்வெர்ப் வேண்டும்: "லுக் கேர்ஃபுல்லி அட் தி மேப்."

வடிவத்தில் நான்கு சொற்களைக் கவனியுங்கள். ஃபாஸ்ட் அப்படியே அட்வெர்ப், ஃபாஸ்ட்லி என்று ஒரு சொல்லே கிடையாது. ஹார்டும் அப்படியே: "ஹீ வொர்க்ட் ஹார்ட்" என்றால் கடுமையாக உழைத்தான். "ஹீ ஹார்ட்லி வொர்க்ட்" என்றால் கிட்டத்தட்ட வேலையே பார்க்கவில்லை. லேட் என்றால் தாமதமாக, லேட்லி என்றால் சமீப காலமாக. ஃப்ரெண்ட்லி, லி-யில் முடிந்தாலும் அட்வெர்ப் அல்ல: "ஹீ ஸ்போக் இன் எ ஃப்ரெண்ட்லி வே."

ஒரு மெயிலைத் திருத்திப் பார்ப்போம்

இது போன்ற மெயில் அலுவலகங்களில் தினமும் போகிறது:

"ஐ ஹாவ் சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே. ஐ டிட்நாட் ஸ்டில் கெட் எனி ரிப்ளை. ப்ளீஸ் செக் கேர்ஃபுல்லி தி செகண்ட் பேஜ். வீ நீட் தி அப்ரூவல் டுடே இட்செல்ஃப். ஐ வில் கம் ஆன் மண்டே மார்னிங் அட் டென் டு யுவர் ஆபீஸ்."

முதல் வாக்கியத்தில் எஸ்டர்டே இருப்பதால் ஹாவ் நிற்காது (படி 6). இரண்டாவதில் ஸ்டில் நாட்டுக்கு முன்னால் வர வேண்டும், இதுவரை வரவில்லை என்பதால் ஹாவும் வேண்டும் (படி 4). மூன்றாவதில் செக்கும் பேஜும் பிரிந்து கிடக்கின்றன (படி 2). நான்காவதில் இட்செல்ஃப் தேவையில்லை (படி 8). ஐந்தாவதில் இடம் முதலில், பிறகு சிறிய நேரம், பிறகு பெரிய நேரம் (படி 7). திருத்திய மெயில் இது:

"ஐ சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே. ஐ ஸ்டில் ஹாவன்ட் ரிசீவ்ட் எனி ரிப்ளை. ப்ளீஸ் செக் தி செகண்ட் பேஜ் கேர்ஃபுல்லி. வீ நீட் தி அப்ரூவல் பை தி எண்ட் ஆஃப் டுடே. ஐ வில் கம் டு யுவர் ஆபீஸ் அட் டென் ஆன் மண்டே மார்னிங்."

நீங்கள் அனுப்பிய பழைய மெயில் ஒன்றை எடுத்து இதே மாதிரி பாருங்கள். எல்லாப் படிகளையும் ஒரே நேரத்தில் தேட வேண்டாம். முதல் வாரம் படி 2 மட்டும்: ஒவ்வொரு வெர்பின் கீழும் கோடு போட்டு, அதன் ஆப்ஜெக்ட் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அது கண்ணுக்குப் பழகியதும் படி 4-க்கும் 7-க்கும் போகலாம். திருத்திய வாக்கியத்தை வாய்விட்டு மூன்று முறை சொல்லுங்கள். எழுத்தில் சரியாக வைத்தவர்களுக்கும் பேசும்போது பழைய வரிசையே நாக்கில் முந்திக்கொண்டு வரும்.